சட்டையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு நிமிடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வடசென்னையின் புளியந்தோப்பில் இரண்டு காட்சிகள் தப்பாது. ஓட்டேரி நல்லா கால்வாய் ததும்பி, ஹைரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அது வடிந்த கையோடு, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி. வரிசையில் இடுப்பில் குழந்தையோடு அம்மாக்களும் ஆயாக்களும் நிற்பார்கள். "நாலு நாளா சளி சிஸ்டர்." "ராத்திரி பூரா மூச்சு இஸ்துக்குனே இருந்துச்சு." "பாலே குடிக்க மாட்டேன்றான் மேடம்." வரிசை நீளும், பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார். இருமுகிற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வெறும் ஜலதோஷம்தான். தாய்ப்பாலும், காய்ச்சல் இருந்தால் பாரசிட்டமாலும், ஒரு வாரப் பொறுமையும் போதும். ஆனால் அந்த வரிசையில் எங்கோ ஒரு குழந்தைக்குக் கிருமி நுரையீரல் வரை இறங்கியிருக்கும். அதுதான் நிமோனியா. அந்த ஒரு குழந்தையைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7,40,180 குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள். அந்த வயதில் உலகெங்கும் நிகழ்ந்த மரணங்களில் இது 14 சதவீதம். தமிழ்நாட்டின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 2020-ம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், ஆயிரம் பிறப்புக்கு நாடு முழுவதும் 28 சிசுக்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 13 தான். பெருமைப்படலாம். ஆனால் சராசரி என்பது வசதியான அண்ணா நகரையும் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியையும் கூட்டி வகுத்த கணக்கு. இங்குள்ள கே.பி. பார்க் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறையில் ஆறேழு பேர் படுக்கிற வீட்டில், ஒருவருக்கு வந்த சளி மூன்றாம் நாள் கைக்குழந்தைக்கு வந்துவிடும். நெரிசல், எடை குறைந்த பிறப்பு, தாய்ப்பால் போதாமை, புகை: பாடப்புத்தகம் நிமோனியாவுக்குச் சொல்லும் காரணங்கள் எல்லாவற்றுக்கும் வடசென்னையில் விலாசம் உண்டு.

இந்த நோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஸ்டெதஸ்கோப்கூட இரண்டாம்பட்சம்தான். குழந்தையின் சட்டையைத் தூக்கி, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்து எண்ண வேண்டும்.

கேட்க எத்தனை சுலபமாக இருக்கிறது! செய்து பார்த்தால் தெரியும். வரிசையில் நின்று நின்று குழந்தை ஏற்கெனவே அழுதிருக்கும். அழுகிற குழந்தையின் மூச்சை எண்ணுவதில் அர்த்தமில்லை. எண்ணிக்கை தானாகவே ஏறிக்கிடக்கும். காய்ச்சல் அடித்தாலும் ஏறும். விவரம் தெரிந்த நர்ஸ் என்ன செய்வார் என்றால், "அங்க ஓரமா உக்காந்து பால் குடுமா, தூங்கட்டும்" என்று அம்மாவை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். குழந்தை அடங்கியதும் அருகே போய், உள்ளே போட்டிருக்கும் பனியனையும் சேர்த்துத் தூக்குவார். கையால் தொட மாட்டார், தொட்டால் விழித்துக்கொள்ளும். கடிகாரத்தில் விநாடி முள் 12-ல் வரும்போது ஆரம்பித்து, மறுபடி 12-க்கு வரும்வரை எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது குறுக்கு வழி. சின்னக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. கொஞ்சம் வேகமாக விடும், நிறுத்தும், மறுபடி ஆரம்பிக்கும். அதனால் அந்தக் கணக்கு பொய்த்துப் போகும்.

எண் எத்தனை வந்தால் பயப்பட வேண்டும்? இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு. சளி இருமலோடு வேகமான மூச்சும் சேர்ந்தால், வேறு காரணம் தெரியாதவரை அதை நிமோனியா என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஏன் மூச்சு வேகமாகிறது என்பதையும் சொல்லிவிடலாம். நுரையீரலின் காற்றுப் பைகளில் நீரும் சீழும் சேர்ந்துவிட்டால் அது விறைத்துப்போகும். பெரியவர்களால் ஆழமாக மூச்சிழுத்துச் சமாளிக்க முடியும். குழந்தையால் ஆழத்தைக் கூட்ட முடியாது, எண்ணிக்கையைத்தான் கூட்ட முடியும். அதுவும் போதாதபோது, பலம் முழுவதையும் போட்டு இழுக்கும். குழந்தையின் விலா எலும்புகள் மெத்தென்று இருப்பதால், மூச்சை உள்ளே இழுக்கும்போது விரிய வேண்டிய அடிமார்பு உள்வாங்கிக் குழி விழும். "விலாவுல பள்ளம் வுழுது" என்று ஆயாக்கள் சொல்வது இதைத்தான். மருத்துவப் புத்தகம் படிக்காமலேயே அவர்கள் அதைச் சரியாகப் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த கட்டமும் இருக்கிறது. பால் குடிக்க முடியாமல் போவது, குடித்ததையெல்லாம் வாந்தியெடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஓ.பி. வரிசையில் நிற்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிதான். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவென்றால் மூச்சு வேகமாக இருந்தாலே டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

மலைக்காட்டு வைத்தியம்

இந்த எண்ணும் முறை, டாக்டரே எட்டிப் பார்க்காத ஊர்களுக்காக உருவானது. 1980-களில் பாப்புவா நியூ கினியின் மலைப்பிரதேசத்தில் கொரோகா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் ஃபிராங்க் ஷான் என்ற ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர். எக்ஸ்ரே வசதியில்லாத கிராமத்தில் எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் தருவது, எந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது என்று சாதாரணச் சுகாதாரப் பணியாளரால் எப்படி முடிவெடுக்க முடியும்? மூச்சின் வேகத்தையும் அடிமார்பு உள்வாங்குவதையும் வைத்தே முடிவெடுக்கலாம் என்று அவர் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் அதையே வழிகாட்டியாக வளர்த்தெடுத்தது.

இந்தியாவில் இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர்கள் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பணியாற்றும் அபய் பாங், ராணி பாங் தம்பதி. பழங்குடிகள் வாழும் மாவட்டம் அது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்கும், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளுக்கும் நிமோனியாவைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கப் பயிற்சி அளித்தார்கள். அந்த மருத்துவச்சிகளில் பலருக்கு எழுத்து தெரியாது, ஐம்பது வரை எண்ணவும் வராது. அதற்காக பாங் ஒரு கருவி செய்தார். ஒரு நிமிடம் ஓடும் மணல் கடிகாரம், பக்கத்தில் மணிகள் கோத்த கம்பி. பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணிக்கு வந்துவிட்டால் நிமோனியா. 1990-ல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளிவந்தன. பணியாளர்கள் வைத்தியம் பார்த்த குழந்தைகளில் நிமோனியாவால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. வழக்கமான முறையே தொடர்ந்த ஒப்பீட்டுக் கிராமங்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். எழுத்தறியாத பாட்டிமார் கையில் மணிச்சட்டத்தைக் கொடுத்து இதைச் சாதித்தார்கள் என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

ஐந்து நாள் மாத்திரை

மருந்தும் பெரிய மர்மமில்லை. அமாக்சிசிலின். நூறு வார்த்தை எழுதிக் குழப்ப வேண்டிய மருந்தே இல்லை. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பட்டை கிடக்கலாம். முன்பு கோட்ரைமாக்சசோல் தந்துகொண்டிருந்தார்கள். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தியது. வேகமான மூச்சு மட்டும் இருந்தாலும் சரி, அடிமார்பு உள்வாங்கினாலும் சரி, ஆபத்து அறிகுறி இல்லாதவரை வாய்வழி அமாக்சிசிலினே போதும். வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றது. மார்பு உள்வாங்கினாலே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும் என்ற பழைய விதி அதோடு போயிற்று. பாகிஸ்தானின் ஹரிப்பூர் மாவட்டத்தில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டிலேயே கொடுத்த ஐந்து நாள் அமாக்சிசிலின், ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வழக்கமான முறையைவிட நன்றாகவே வேலை செய்தது என்று 2011-ல் வந்த ஆய்வு அந்த மாற்றத்துக்கு வலு சேர்த்தது.

இன்று பரிந்துரைக்கப்படும் வடிவம் 250 மில்லிகிராம் கரையும் மாத்திரை. ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ, பீய்ச்சிய தாய்ப்பாலிலோ போட்டால் கரைந்துவிடும். காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. எத்தனை மாத்திரை என்பதைக் குழந்தையின் எடை பார்த்து டாக்டர் சொல்வார். இதன் அருமை தெரிய வேண்டுமானால் ட்ரை சிரப் பாட்டிலின் கதையைக் கேட்க வேண்டும். பொடியாக வரும் மருந்தில், ஆறவைத்த வெந்நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் மருந்து நீர்த்துவிடும். காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே பாட்டில் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடும். அடுத்த மாதம் அக்காள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அதே பாட்டில் திரும்பி வரும். கலக்கிய ஒரு வாரத்திலேயே வீரியம் போய்விடும் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எண்ணிக் கொடுத்த மாத்திரையில் இந்தக் கூத்துக்கு இடமில்லை.

ஒரு சந்தேகம் நியாயமாகவே எழும். வேகமாக மூச்சு விடும் குழந்தைகளில் நிறைய பேருக்கு வைரஸ்தானே காரணம்? அதற்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு? கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் 4,002 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. வேகமான மூச்சு மட்டுமே இருந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு அமாக்சிசிலின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி சிரப். மருந்து வாங்கியவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு நோய் கட்டுப்படவில்லை, மற்றவர்களில் 4.9 சதவீதத்தினருக்கு. வித்தியாசம் சின்னதுதான். பெரும்பாலான குழந்தைகள் மருந்தில்லாமலே தேறினார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும், எந்தக் குழந்தை தேறும், எது மூழ்கும் என்று ஓ.பி. அறையில் உட்கார்ந்து சொல்ல முடியாத ஏழைப் பேட்டைகளில் மருந்தை நிறுத்தத் துணிய முடியாது என்பதே அதன் பாடம். கராச்சியைப்போல துறைமுகத்தையும் ஆலைகளையும் சுமக்கும் வடசென்னைக்கும் அது பொருந்தும்.

மூச்சில் விசில் சத்தம் வரும் குழந்தை வேறு கதை. அங்கே முதலில் சால்பியூட்டமால் வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். மூச்சு இறங்கிவிட்டால் அது இளைப்பு, ஆன்டிபயாட்டிக் அநாவசியம். "புகை வெச்சா சரியாய்டும்" என்று அம்மாக்கள் நெபுலைசரைக் கேட்டு வாங்குவது இதில் பாதி சரி, பாதி தவறு. புகை வைத்தபின் யாராவது மறுபடி எண்ணினார்களா என்பதுதான் கேள்வி.

ஸ்டான்லி பக்கத்தில்தானே?

புளியந்தோப்பிலிருந்து ராயபுரம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி தூரமில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் ஆட்டோ தூரம்தான். ஆசியாவின் பெரிய ஊர்கள் பலவற்றுக்கு வாய்க்காத வசதி இது. ஆனால் நான் சொல்ல வந்ததே இதுதான்: பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதே, சின்ன நிலையத்தை யாரும் கண்டுகொள்ளாமல் போவதற்குக் காரணமாகிவிட்டது. கட்சிரோலியில் வேறு வழியில்லாமல் மருத்துவச்சியிடம் போனார்கள். இங்கே வழி அதிகம் இருப்பதால் நாள் கழிகிறது. முதல் நாள் கற்பூரவல்லிச் சாறு, தைலம். இரண்டாம் நாள் தர்காவிலோ அம்மன் கோயிலிலோ மந்திரித்த கயிறு. மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில், "கொயந்தைக்கு சளி, எதுனா குடுங்க." நான்காம் நாள் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி. ஐந்தாம் நாள் இரவு பதினோரு மணிக்கு எழும்பூர். அதற்குள் நேரம் கைமீறியிருக்கலாம்.

மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சளி மருந்து எதுவும் நிமோனியாவைக் குணப்படுத்தாது. இருமலை அமுக்கி, நாலு நாள் ஏமாற்றும், அவ்வளவுதான். 2025 அக்டோபரில் அந்த ஏமாற்று எந்த எல்லைக்குப் போகும் என்பதை நாடே பார்த்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். சென்னைக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் தயாரான பாட்டில் அது. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. புளியந்தோப்பின் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நாலாம் நாள் கிளினிக்கையும் ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வடசென்னை ஜனங்களுக்கு மூச்சு விடுகிற நேரத்தில் கதவு திறந்திருந்தது அங்கேதான். வியாசர்பாடியில் திருவேங்கடமும், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஜெயச்சந்திரனும் 'அஞ்சு ரூபா டாக்டர்' என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. கூலி வேலை முடிந்து இரவு ஏழு, எட்டு மணிக்கு வருகிறவனுக்கு உட்கார இடம் கொடுத்தார்கள். ஜெயச்சந்திரன் 2018-லும் திருவேங்கடம் 2020-லும் காலமானார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தை யார் நிரப்புவது? 2023 ஜூன் 6-ம் தேதி மாநிலம் முழுக்க 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அரசு திறந்தது. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை டாக்டர் இருப்பார் என்பது ஏற்பாடு. மாலை நேரம் என்ற அந்த ஒரு வார்த்தை, எந்தப் புதிய கருவியையும்விட நிமோனியாவுக்கு எதிரான பெரிய ஆயுதம். ஆனால் மாலை எட்டு மணி வரை டாக்டர் நாற்காலியில் இருக்கிறாரா என்பதை யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மருந்து கிடைப்பதில் தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து கொள்முதல் செய்து, கடைக்கோடி நிலையம் வரை இலவசமாகச் சேர்க்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஏற்பாடு இது. மத்திய அரசும் 2019 நவம்பரில் 'சான்ஸ்' என்ற பெயரில் நிமோனியா ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 2025-க்குள் ஆயிரம் பிறப்புக்கு நிமோனியா மரணம் மூன்றுக்கும் கீழே போக வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆஷா என்ற சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் அறிகுறி பார்த்து, முதல் வேளை அமாக்சிசிலின் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதன் முதுகெலும்பு. நல்ல திட்டம். ஆனால் தமிழ்நாட்டில் ஆஷாக்கள் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதிகளோடு சரி. வடசென்னையின் கன்னிகாபுரம் சந்துக்குள் ஆஷா கிடையாது. அங்கே வீட்டு வாசலை மிதிப்பவர்கள் நகர சுகாதார செவிலியரும் அங்கன்வாடி டீச்சரும்தான். மூச்சு எண்ணும் பயிற்சியும், முதல் வேளை மருந்தும் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையைக் கதவு வரை கொண்டுவருகிறது. அதே கதவுக்குப் பின்னால் இருக்கிற கைக்குழந்தையின் சட்டையை ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்க யாருக்கும் சொல்லித்தரவில்லை என்றால், அது திட்டம் போட்டவர்களின் குறை.

காற்று

வடசென்னையில் குழந்தையின் மூச்சைப் பற்றிப் பேசிவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல், துறைமுகத்துக்கு இரவு பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகை. 2023 டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதெல்லாம் போதாதென்று போகிக்கு டயர் எரிக்கிற வழக்கத்தை நாமே வைத்திருக்கிறோம். மார்கழிப் பனியில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும் விடியலில், கைக்குழந்தை வீட்டுக்குள் இருந்தாலும் அதே காற்றைத்தான் இழுக்கும்.

ஆனால் புகையை நிறுத்தினால் நிமோனியா நின்றுவிடும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. தமிழ்நாட்டில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் பங்கேற்ற ஹேப்பின் ஆய்வு இதைத் தேடிப் பார்த்தது. தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நாலு இடங்களில் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் இலவச எரிவாயு அடுப்பும் தொடர்ந்து சிலிண்டரும். வீட்டுப் புகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் கடுமையான நிமோனியா குறிப்பிட்டுச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை என்று 2024-ல் முடிவு வந்தது. இதைப் படித்துவிட்டு ஆலைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். புகை நல்லதென்று யாரும் சொல்லவில்லை. ஒற்றைக் காரணத்தை மட்டும் பிடித்துத் தொங்கினால் குழந்தை காப்பாற்றப்படாது என்பதுதான் சங்கதி. காற்று சுத்தமாகும் நாள் வரை காத்திருக்கவும் குழந்தைகளால் முடியாது.

விரலில் மாட்டும் கருவி

2020 கோடையில் ராயபுரமும், புளியந்தோப்பு அடங்கிய திரு.வி.க. நகர் மண்டலமும் கொரோனாவின் உச்சத்தில் இருந்தபோது, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தெருத்தெருவாக வந்தது. 95, 94 என்று எண் சொல்லத் தெரியாத ஆளே இல்லை என்ற நிலை. கொரோனா அடங்கியதும் அந்தக் கருவி அப்படியே டிராயருக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தாலும், பெரியவர்களுக்கான கிளிப்பை ஐந்து மாதக் குழந்தையின் விரலில் மாட்டினால் வழுக்கி விழும் அல்லது பொய்யான எண்ணைக் காட்டும். குழந்தைக்குப் பாதத்தைச் சுற்றி ஒட்டும் தனி சென்ஸார் வேண்டும். விலை அதிகமில்லை, கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் 90-க்குக் கீழே என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தாக வேண்டும். ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாகத் தருவார்கள். பாப்புவா நியூ கினியின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஆக்ஸிமீட்டரும் ஆக்ஸிஜன் செறிவூட்டியும் வைத்ததிலேயே நிமோனியா மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2008-ல் பதிவாகியிருக்கிறது. டாக்காவில் டாக்டர் ஜோபாயர் சிஸ்டி இன்னும் ஒரு படி மேலே போனார். காலி ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குழாயின் மறுமுனையை அதில் முக்கி, குமிழிடும் அழுத்தத்தால் குழந்தையின் நுரையீரல் சுருங்காமல் பார்த்துக்கொண்டார். 2015-ல் வந்த அவரது ஆய்வில், சாதாரண முறையில் ஆக்ஸிஜன் பெற்ற குழந்தைகளில் 15 சதவீதம் இறந்தபோது, பாட்டில் முறையில் 4 சதவீதம். லட்சங்களில் விலை சொல்லும் எந்திரத்துக்கு ஷாம்பு பாட்டில் ஈடுகொடுத்தது.

வருமுன் காக்கும் வழியையும் சொல்ல வேண்டும். நிமோனியாவுக்குக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசி, நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் 2011 டிசம்பரில் வந்தது. நிமோகாக்கல் தடுப்பூசி 2017-ல் ஹிமாச்சலத்திலும் சில வட மாநில மாவட்டங்களிலும் தொடங்கி, 2021-ல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதுக்கும் விரிந்தது. அதுவரை தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கொடுத்தால்தான் அந்த ஊசி. பணக்காரக் குழந்தைக்கும் புளியந்தோப்புக் குழந்தைக்கும் நடுவே இருந்த இந்தச் சுவர் இடிந்ததைக் கொண்டாடியிருக்க வேண்டும். கொரோனா சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போயிற்று. 2017-ல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாட்டில் எத்தனை பெற்றோரைப் பயமுறுத்தியது என்பது நினைவிருக்கலாம். தட்டம்மைக்குப் பின்னால் வரும் நிமோனியா கொடியது. அந்த ஊசியும் நிமோனியா ஊசிதான்.

புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் என்று எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சளி இருமலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், நர்ஸிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்: "மூச்சு எவ்ளோ இருக்கு மேடம்?" ஓ.பி. சீட்டில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். கேட்பதில் தப்பில்லை. மருந்து கொடுத்து அனுப்பினால் இரண்டு நாள் கழித்துக் குழந்தையை மறுபடி கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ச்சல் விட்டாலும் ஐந்து நாள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பால் குடிக்காவிட்டாலோ, மயங்கினாலோ, விலா பள்ளம் விழுந்து மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நிமோகாக்கல் ஊசிக்கு மூன்று தவணை: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வரும் புதன்கிழமை மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். ஊசிக்குக் காசு கிடையாது.